இயற்கைக் கொல்லி செல்களிடமிருந்து செல்களைக் காக்கும் மேற்பரப்பு மூலக்கூறுகள்

இயற்கைக் கொல்லி செல்கள் என்பவை நோய்த் தடைகாப்பு மண்டலத்தைச் சேர்ந்த ஒருவகை வெள்ளையணுக்கள் ஆகும். வைரஸ் தொற்றிய செல்களையும் புற்றுநோய்ச் செல்களையும் இவை அழிக்கின்றன. ஆனால் அதே இரத்த ஓட்டத்திலும் திசுக்களிலும் உள்ள நலமான செல்களை இவை தொடுவதில்லை. நலமான செல்களின் மேற்பரப்பில் உள்ள சில புரத மூலக்கூறுகளே இதற்குக் காரணம். இவற்றுள் முதன்மையானவை முதல் வகை எம்.எச்.சி. மூலக்கூறுகள் ஆகும். மனிதரில் இவை எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் என்று அழைக்கப்படுகின்றன. இயற்கைக் கொல்லி செல்லின் தடுப்பு ஏற்பிகள் இம்மூலக்கூறுகளுடன் இணையும்போது கொல்லும் செயல் நிறுத்தப்படுகிறது. இம்மூலக்கூறுகள் குறைந்துபோன செல் தாக்குதலுக்கு உள்ளாகிறது. இக்கருத்து 'தன்னடையாளம் காணாமை' கோட்பாடு எனப்படுகிறது.

உறுப்பு மாற்றம், எலும்பு மஜ்ஜை மாற்றம், கருவுறுதல், வைரஸ் நோய்கள், புற்றுநோய் மருத்துவம் ஆகிய துறைகளில் இக்கோட்பாடு பெரிதும் பயன்படுகிறது.

இயற்கைக் கொல்லி செல்கள்

இயற்கைக் கொல்லி செல்கள் சுருக்கமாக என்.கே. செல்கள் எனப்படும். இவை பி செல்கள், டி செல்கள் ஆகியவற்றைப் போலவே லிம்போசைட்டு வகையைச் சேர்ந்தவை. இரத்தத்தில் உள்ள லிம்போசைட்டுகளில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு என்.கே. செல்கள் ஆகும். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், கருப்பை ஆகிய உறுப்புகளிலும் இவை காணப்படுகின்றன.

டி செல்லும் பி செல்லும் ஒரு குறிப்பிட்ட ஆன்டிஜெனை மட்டுமே அடையாளம் காணும். அந்த ஆன்டிஜெனை முதன்முறை சந்தித்தபின் பெருகி, போருக்கு ஆயத்தமாக அவற்றிற்குச் சில நாட்கள் தேவை. என்.கே. செல்லுக்கு இத்தகைய முன்னனுபவம் தேவையில்லை. இலக்குச் செல்லைத் தொட்ட சில மணி நேரத்திற்குள் அதை அழித்துவிடும். இதனால்தான் 'இயற்கை' என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டது.

கொல்லும் முறை எளிமையானது. என்.கே. செல் இலக்குச் செல்லை ஒட்டிக்கொண்டு, தன்னுள் இருக்கும் துகள்களை இரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளியில் வெளியேற்றுகிறது. துகள்களில் உள்ள பெர்ஃபோரின் என்னும் புரதம் இலக்குச் செல்லின் சவ்வில் துளைகளை உண்டாக்குகிறது. அதன் உதவியுடன் கிரான்சைம் என்னும் நொதிகள் உள்ளே நுழைந்து, அச்செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நிகழ்வைத் தொடங்கிவைக்கின்றன.

இந்தத் துகள்கள் முன்கூட்டியே ஆயத்த நிலையில் இருப்பதால், என்.கே. செல்லைப் பற்றிய முதன்மையான கேள்வி 'அது எப்படிக் கொல்கிறது' என்பது அன்று. 'எப்போது கொல்லாமல் விடுகிறது' என்பதே ஆகும்.

கண்டுபிடிப்பின் வரலாறு

1975-இல் சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா கல்வி நிலையத்தில் ரால்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் சுண்டெலிகளில் என்.கே. செல்களை விவரித்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேன் குழுவினரும் இதே செயலைக் கண்டறிந்தனர். எந்த முன் தொற்றும் தடுப்பூசியும் இல்லாத எலிகளின் வெள்ளையணுக்கள் சில புற்றுநோய்ச் செல்களைக் கொன்றதை இவர்கள் கவனித்தனர். எதை அடையாளமாகக் கொண்டு கொல்கின்றன என்பது மட்டும் விளங்கவில்லை. எல்லாப் புற்றுநோய்ச் செல்களுக்கும் பொதுவான ஓர் அடையாளத்தைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இதற்கு முன்பே வேறொரு புதிரும் விடையின்றி இருந்தது. ஒரே மரபு வழியில் வளர்க்கப்பட்ட இரு எலி இனங்களைக் கலந்தால் பிறக்கும் கலப்பினக் குட்டியில் தாய், தந்தை இருவரின் எம்.எச்.சி. மூலக்கூறுகளும் இருக்கும். எனவே பெற்றோரில் எவருடைய திசுவும் அதற்கு அந்நியமாகத் தோன்றக் கூடாது. தோல் ஒட்டு வைத்தால் குட்டி அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது. ஆனால் பெற்றோரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினால் பல வேளைகளில் நிராகரித்தது. குஸ்தாவோ குட்கோவிச்சும் மைக்கேல் பென்னட்டும் விரிவாக ஆராய்ந்த இந்நிகழ்வு 'கலப்பின எதிர்ப்பு' எனப்பட்டது.

இரு புதிர்களையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தவர் கரோலின்ஸ்கா நிலையத்தின் கிளாஸ் காரே. 1981-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். என்.கே. செல்கள் அந்நியமான ஒன்று இருப்பதைத் தேடவில்லை, சொந்தமான ஒன்று இல்லாதிருப்பதைத் தேடுகின்றன என்பது அவர் கருதுகோள். ஊர்க்காவலர் ஒவ்வொரு வீட்டிலும் திருடனைத் தேடாமல், வழக்கமாக எரியும் வாசல் விளக்கு அணைந்திருக்கும் வீட்டை மட்டும் தட்டிப் பார்ப்பதற்கு இதை ஒப்பிடலாம். கலப்பினக் குட்டியின் சில என்.கே. செல்கள் தாயின் எம்.எச்.சி.யை எதிர்பார்க்கின்றன, தந்தையின் மஜ்ஜையில் அது இல்லை, எனவே தாக்குகின்றன.

1986-இல் காரே, ஹான்ஸ்-குஸ்தாஃப் யுங்கிரென் உள்ளிட்டோர் இதற்கான சோதனைச் சான்றை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். எலியின் நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்களிலிருந்து எம்.எச்.சி. மூலக்கூறுகள் மிகவும் குறைந்த ஒரு மாற்று வகையை அவர்கள் உருவாக்கியிருந்தனர். அதே இன எலிகளில் சிறிய அளவில் செலுத்தியபோது, எம்.எச்.சி. உள்ள மூலச் செல்கள் கட்டியாக வளர்ந்தன. எம்.எச்.சி. குறைந்த செல்கள் அழிக்கப்பட்டன. எலிகளின் என்.கே. செல்களை முன்கூட்டியே நீக்கியபோது இவ்வேறுபாடு மறைந்தது. டி செல்களின் பார்வையில் இம்முடிவு தலைகீழானது. டி செல் எம்.எச்.சி. இருந்தால்தான் இலக்கை அறியும், என்.கே. செல்லோ எம்.எச்.சி. இல்லாவிட்டால் தாக்குகிறது.

கோட்பாடு உண்மையானால் எம்.எச்.சி.யை உணரும் தடுப்பு ஏற்பி ஒன்று என்.கே. செல்லில் இருக்க வேண்டும். 1992-இல் அமெரிக்காவின் வெய்ன் யோகொயாமா குழுவினர் எலியில் 'எல்.ஒய்.49ஏ' என்னும் ஏற்பி அப்பணியைச் செய்வதைக் காட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியின் அலெசாந்த்ரோ மொரெட்டா, லொரென்சோ மொரெட்டா சகோதரர்கள் மனிதரில் இதற்கு இணையான ஏற்பிகளைக் கண்டறிந்தனர். அவை பின்னர் கே.ஐ.ஆர். எனப் பெயர் பெற்றன.

முதல் வகை எம்.எச்.சி. மூலக்கூறின் அமைப்பு

உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் முதல் வகை எம்.எச்.சி. மூலக்கூறு உள்ளது. இது மூன்று பகுதிகளால் ஆனது.

1. சவ்வில் ஊன்றி நிற்கும் கனத்த சங்கிலி. மனிதரில் இதற்கான மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் உள்ளன.
2. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் சிறிய புரதம். இதற்கான மரபணு 15-ஆம் குரோமோசோமில் உள்ளது.
3. கனத்த சங்கிலியின் மேற்பகுதியில் உள்ள பள்ளத்தில் பொருந்தியிருக்கும் சிறு பெப்டைடு. இது பொதுவாக 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்டது.

இப்பெப்டைடு செல்லுக்குள் உடைக்கப்பட்ட புரதங்களின் துண்டு. டேப் என்னும் கடத்திப் புரதம் இத்துண்டுகளை எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் கொண்டு சேர்க்கிறது. அங்கே மூன்று பகுதிகளும் ஒன்றிணைந்த பின்னரே மூலக்கூறு செல்லின் மேற்பரப்பை அடைகிறது. இவற்றில் எந்த ஒரு பகுதி குறைபட்டாலும் மேற்பரப்பில் எம்.எச்.சி. குறைந்துவிடும். 1986 சோதனையில் பயன்பட்ட மாற்றுச் செல்லிலும் டேப் புரதமே பழுதுபட்டிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

மனிதரில் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி, எச்.எல்.ஏ.-சி ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுபவை. எச்.எல்.ஏ.-இ, எச்.எல்.ஏ.-எஃப், எச்.எல்.ஏ.-ஜி ஆகியவை அதிகம் வேறுபடாதவை.

காக்கும் மூலக்கூறுகளும் அவற்றை உணரும் ஏற்பிகளும்

எச்.எல்.ஏ.-சி: மனித என்.கே. செல்களைப் பொறுத்தவரை இதுவே மிக முதன்மையான காப்பு மூலக்கூறு. கனத்த சங்கிலியின் 80-ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலத்தைக் கொண்டு இது இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகிறது. அவ்விடத்தில் அஸ்பராஜின் இருந்தால் சி1 குழு. லைசின் இருந்தால் சி2 குழு. சி1 குழுவைக் கே.ஐ.ஆர்.2டி.எல்.2, 2டி.எல்.3 ஆகிய ஏற்பிகளும், சி2 குழுவைக் கே.ஐ.ஆர்.2டி.எல்.1 ஏற்பியும் உணர்கின்றன. ஒரே ஓர் அமினோ அமில வேறுபாடு எந்த ஏற்பி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எச்.எல்.ஏ.-பி, எச்.எல்.ஏ.-ஏ: இவற்றுள் 'பி.டபிள்யூ.4' என்னும் பகுதியைக் கொண்ட வடிவங்களைக் கே.ஐ.ஆர்.3டி.எல்.1 ஏற்பி உணர்கிறது.

எச்.எல்.ஏ.-இ: இது தனித்தன்மை வாய்ந்தது. மற்ற எச்.எல்.ஏ. புரதங்கள் தயாராகும்போது அவற்றின் முன்முனையிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டையே எச்.எல்.ஏ.-இ பெரும்பாலும் தன் பள்ளத்தில் ஏந்துகிறது. மற்ற எச்.எல்.ஏ.க்களின் உற்பத்தி நின்றுபோனால் துண்டும் கிடைக்காது, எச்.எல்.ஏ.-இ மேற்பரப்பை அடைவதும் குறைந்துவிடும். ஆகவே இந்த ஒரு மூலக்கூறைப் பார்த்தே செல்லின் எச்.எல்.ஏ. உற்பத்தி சீராக நடைபெறுகிறதா என்று என்.கே. செல் அறியலாம். இதை உணரும் ஏற்பி சி.டி.94/என்.கே.ஜி.2ஏ ஆகும்.

எச்.எல்.ஏ.-ஜி: இது குறிப்பாக நஞ்சுக்கொடியின் செல்களில் காணப்படுகிறது. எல்.ஐ.எல்.ஆர்.பி.1 என்னும் ஏற்பி இதையும் பிற எச்.எல்.ஏ. மூலக்கூறுகளையும் உணர்கிறது.

எம்.எச்.சி. அல்லாத மூலக்கூறுகள்: செல்களின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலச் சர்க்கரைகள் சிக்லெக்-7 ஏற்பியுடன் இணைந்தும், எல்.எல்.டி.1 என்னும் புரதம் சி.டி.161 ஏற்பியுடன் இணைந்தும், கேடெரின் புரதங்கள் கே.எல்.ஆர்.ஜி.1 ஏற்பியுடன் இணைந்தும் தடுப்புச் சைகை தருகின்றன.

ஒருவரின் எல்லா என்.கே. செல்களும் எல்லாத் தடுப்பு ஏற்பிகளையும் தாங்கியிருப்பதில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு சேர்க்கையைக் கொண்டிருக்கும். இதனால் ஒரு செல் தன் எச்.எல்.ஏ. வகைகளில் ஒன்றை மட்டும் இழந்தாலும், அந்த ஒன்றை மட்டுமே எதிர்பார்க்கும் என்.கே. செல்கள் அதைக் கண்டுபிடித்துவிடும்.

தடுப்புச் சைகை செயல்படும் முறை

தடுப்பு ஏற்பிகளின் வால் பகுதி என்.கே. செல்லின் உட்புறம் நீண்டிருக்கும். அதில் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசை உள்ளது. இது 'ஐடிம்' எனப்படும். நிகழ்வுகள் பின்வருமாறு நடைபெறுகின்றன.

1. ஏற்பி எம்.எச்.சி. மூலக்கூறுடன் இணைகிறது.
2. ஐடிம் வரிசையின் டைரோசினில் ஒரு பாஸ்பேட் தொகுதி சேர்க்கப்படுகிறது.
3. பாஸ்பேட் உள்ள இவ்விடத்தில் எஸ்.எச்.பி.-1, எஸ்.எச்.பி.-2 ஆகிய நொதிகள் வந்து அமர்கின்றன.
4. இந்நொதிகள் அருகில் உள்ள வாவ்-1 போன்ற புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்குகின்றன.

கொல்லும் கட்டளை பாஸ்பேட் சேர்ப்பதன் வழியாகவே செல்லுக்குள் பரவுகிறது. அந்தப் பாஸ்பேட்டை நீக்கிவிட்டால் கட்டளை தொடக்கத்திலேயே அறுந்துவிடும். துகள்கள் வெளியேற்றப்படுவதில்லை. என்.கே. செல் பிடியை விட்டு அடுத்த செல்லை நோக்கி நகர்கிறது. இத்தடுப்பு இரு செல்களும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டுமே செயல்படுகிறது. எனவே ஒரு நலமான செல்லை விட்டுவிட்ட அதே என்.கே. செல், அருகில் உள்ள நோயுற்ற செல்லைக் கொல்லத் தடையேதும் இல்லை.

தூண்டலும் தடுப்பும்

எம்.எச்.சி. இல்லாமை மட்டுமே மரண தண்டனைக்குப் போதுமானது என்று கருதுவது தவறு. முதிர்ந்த சிவப்பணுக்களுக்கு உட்கரு இல்லை. அவற்றின் மேல் முதல் வகை எம்.எச்.சி.யும் ஏறக்குறைய இல்லை. ஆயினும் என்.கே. செல்கள் அவற்றை அழிப்பதில்லை. தூண்டும் மூலக்கூறுகளும் சிவப்பணுக்களில் இல்லை என்பதே இதற்கான விளக்கம்.

என்.கே. செல்லில் தடுப்பு ஏற்பிகளைப் போலவே தூண்டும் ஏற்பிகளும் உள்ளன. என்.கே.ஜி.2டி, என்.கே.பி.46, என்.கே.பி.30 ஆகியவை இவற்றுள் சில. என்.கே.ஜி.2டி ஏற்பி இணையும் மைக்-ஏ, மைக்-பி போன்ற புரதங்கள் நலமான செல்களில் மிகக் குறைவு. வைரஸ் தொற்று, டி.என்.ஏ. சேதம், புற்றுநோய் மாற்றம் ஆகிய நெருக்கடிகளில் அவை மேற்பரப்பில் தோன்றுகின்றன. சி.டி.16 என்னும் ஏற்பி, எதிர்ப்பொருள் படிந்த செல்லை உணர்ந்து தூண்டப்படுகிறது.

இவற்றை ஒரு தராசின் இரு தட்டுகளாகக் கொள்ளலாம்.

தடுப்பு மூலக்கூறு உண்டு, தூண்டும் மூலக்கூறு இல்லை: நலமான செல், தாக்குதல் இல்லை.
இரண்டும் இல்லை: சிவப்பணு போன்றவை, தாக்குதல் இல்லை.
தடுப்பு மூலக்கூறு இல்லை, தூண்டும் மூலக்கூறு உண்டு: தாக்குதல் நிகழும்.
இரண்டும் உண்டு: எது மிகுதியோ அதற்கேற்ப முடிவு அமையும்.

ஆய்வகங்களில் என்.கே. செல்களின் ஆற்றலை அளக்கக் கே562 என்னும் மனித இரத்தப் புற்றுநோய்ச் செல் வரிசை பயன்படுத்தப்படுகிறது. இதன் மேற்பரப்பில் முதல் வகை எச்.எல்.ஏ. ஏறக்குறைய இல்லை, தூண்டும் மூலக்கூறுகள் உண்டு. ஆகவே இது எளிதில் கொல்லப்படுகிறது.

என்.கே. செல்களின் பயிற்சி

கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19-ஆம் குரோமோசோமிலும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமிலும் உள்ளன. எனவே இவை தனித்தனியாக மரபுவழிக் கடத்தப்படுகின்றன. தன் உடலில் இல்லாத ஒரு எச்.எல்.ஏ. வகையை எதிர்பார்க்கும் ஏற்பி ஒருவருக்கு அமையக்கூடும். அப்படியானால் அவருடைய என்.கே. செல்கள் சொந்தச் செல்களையே கொன்றுவிடாதா என்ற கேள்வி எழுகிறது.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் இதற்கு விடை தந்தன. இவற்றின் செல்களில் முதல் வகை எம்.எச்.சி. ஏறக்குறைய இல்லை. இவற்றின் மஜ்ஜையைச் சாதாரண எலிக்குள் செலுத்தினால் அங்குள்ள என்.கே. செல்கள் அதை அழித்துவிடுகின்றன. ஆனால் இவ்வெலிகளின் சொந்த என்.கே. செல்கள் தம் உடலைத் தாக்குவதில்லை. அவை மந்தமானவையாக இருக்கின்றன. டேப் புரதக் குறைபாட்டுடன் பிறக்கும் மனிதரிலும் என்.கே. செல்கள் இவ்வாறே மந்தமாக உள்ளன.

வளர்ச்சிக் காலத்தில் சொந்த எம்.எச்.சி.யுடன் தடுப்பு ஏற்பி இணையும் என்.கே. செல்லே முழு ஆற்றல் பெறுகிறது; அத்தகைய இணைப்பு கிடைக்காத செல் ஆற்றல் குறைந்ததாகவே நின்றுவிடுகிறது. இதனை என்.கே. செல்லின் 'பயிற்சி' அல்லது 'உரிமம் பெறுதல்' என்பர். ஆக, எம்.எச்.சி. மூலக்கூறு செல்லைக் காப்பதோடு, காவலருக்கு ஆயுத உரிமம் தருவதாகவும் அமைகிறது.

வைரஸ்களின் தந்திரங்கள்

டி செல்கள் எம்.எச்.சி. ஏந்தும் பெப்டைடைக் கொண்டே வைரஸ் தொற்றை அறிகின்றன. எனவே பல வைரஸ்கள் எம்.எச்.சி.யை மேற்பரப்பிற்கு வரவிடாமல் தடுக்கின்றன. ஆனால் அவ்வாறு செய்தால் என்.கே. செல்லிடம் அகப்பட நேரும். இந்த இரட்டை நெருக்கடியிலிருந்து தப்பச் சில வைரஸ்கள் வழி கண்டுள்ளன.

மனித சைட்டோமெகலோவைரஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் யு.எஸ்.2, யு.எஸ்.11 புரதங்கள் எச்.எல்.ஏ.யைச் சிதைக்க வழிசெய்கின்றன, யு.எஸ்.6 டேப் கடத்தியை முடக்குகிறது. அதே வேளையில் யு.எல்.40 என்னும் வைரஸ் புரதத்தின் ஒரு துண்டு, எச்.எல்.ஏ.யின் முன்முனைத் துண்டைப் போலவே அமைந்து, எச்.எல்.ஏ.-இ மூலக்கூறை மேற்பரப்பில் நிலைநிறுத்துகிறது. யு.எல்.18 என்னும் மற்றொரு புரதம் எம்.எச்.சி.யைப் போன்ற உருவம் கொண்டு எல்.ஐ.எல்.ஆர்.பி.1 ஏற்பியுடன் இணைகிறது. யு.எல்.16 புரதமோ மைக்-பி போன்ற நெருக்கடி அடையாளங்களைச் செல்லுக்குள்ளேயே பிடித்துவைக்கிறது. அதாவது, உண்மையான அடையாளத்தை அகற்றி, போலி அடையாளத்தை மாட்டி, அபாயக் குறியையும் மறைத்துவிடுகிறது.

எச்.ஐ.வி.யின் நெஃப் புரதம் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி ஆகியவற்றைக் குறைக்கிறது, எச்.எல்.ஏ.-சி, எச்.எல்.ஏ.-இ ஆகியவற்றைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. டி செல்லுக்குப் பெரிதும் பயன்படுபவை முன்னவை; என்.கே. செல்லைத் தடுப்பவை பின்னவை.

புற்றுநோயில்

பல புற்றுநோய்க் கட்டிகளில் எச்.எல்.ஏ. குறைந்தோ முற்றிலும் இழந்தோ காணப்படுகிறது. இது டி செல்களிடமிருந்து தப்ப உதவுகிறது. ஆயினும் எல்லாக் கட்டிகளையும் என்.கே. செல்கள் அழித்துவிடுவதில்லை. சில கட்டிகள் எச்.எல்.ஏ.-இ மூலக்கூறை மிகுதியாக ஏந்துகின்றன. சில, மைக்-ஏ புரதத்தை மேற்பரப்பிலிருந்து வெட்டி இரத்தத்தில் விடுகின்றன. அதனால் மேற்பரப்பில் அபாயக் குறி குறைகிறது, உதிர்ந்த புரதம் என்.கே. செல்லின் ஏற்பிகளையும் மழுங்கச் செய்கிறது. திடக் கட்டிகளுக்குள் என்.கே. செல்கள் போதிய எண்ணிக்கையில் நுழைவதும் கடினம்.

கருவைக் காத்தல்

கருவில் உள்ள குழந்தையின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. எனவே தாயின் உடலுக்கு அது பாதி அந்நியமானது. ஆனால் கருப்பையின் உட்சுவரில், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் என்.கே. செல்களே மிகுதியாக உள்ளன. அச்சுவருக்குள் ஊடுருவும் நஞ்சுக்கொடிச் செல்கள் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி ஆகியவற்றை வெளிப்படுத்துவதில்லை, எச்.எல்.ஏ.-சி, எச்.எல்.ஏ.-இ, எச்.எல்.ஏ.-ஜி ஆகியவற்றை மட்டும் ஏந்துகின்றன. இதனால் தாயின் டி செல்களுக்குக் கிடைக்கும் அந்நிய அடையாளங்கள் குறைகின்றன, என்.கே. செல்களுக்கான தடுப்பும் நிலைக்கிறது.

கருப்பையின் என்.கே. செல்கள் கொல்லும் பணியில் அதிகம் ஈடுபடுவதில்லை. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தரும் தமனிகள் விரிவடைய இவை துணைபுரிகின்றன. இதில் சமநிலை தவறினால் இரத்த ஓட்டம் குறையலாம். தாயின் கே.ஐ.ஆர். தொகுதி தடுப்பு மிகுந்த 'ஏஏ' வகையாக இருந்து, கருவில் சி2 குழு எச்.எல்.ஏ.-சி இருந்தால், கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயான முன்சூல்வலிப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுதல் என்பதைக் கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

மருத்துவப் பயன்கள்

எலும்பு மஜ்ஜை மாற்றம்: இத்தாலியின் பெருஜியா நகரில் ஆந்திரேயா வெலார்தி குழுவினர், பாதி மட்டுமே பொருந்தும் குடும்பத்தினரிடமிருந்து இரத்தக் குருத்தணுக்களைப் பெற்று இரத்தப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தினர். கொடையாளியின் என்.கே. செல்கள் எதிர்பார்க்கும் எச்.எல்.ஏ. நோயாளியிடம் இல்லாதபோது, அச்செல்கள் எஞ்சிய புற்றுநோய்ச் செல்களை அழித்தன. கடுமையான மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோயில் நோய் திரும்புவது குறைந்ததாக அவர்கள் 2002-இல் அறிவித்தனர். சிகிச்சை முறைகள் வேறுபட்ட பிற மையங்களில் முடிவுகள் ஒரே மாதிரி அமையவில்லை. எனினும் பொருந்தாமையும் சில வேளைகளில் நன்மை தரும் என்பது இதனால் தெரியவந்தது.

தடுப்பை நீக்கும் மருந்துகள்: தடுப்பு ஏற்பியை எதிர்ப்பொருளால் மறைத்தால் என்.கே. செல் கட்டியைத் தாக்கும் என்னும் எண்ணத்தில் லிரிலுமாப், மோனலிசுமாப் ஆகிய மருந்துகள் உருவாக்கப்பட்டன. முன்னது கே.ஐ.ஆர். ஏற்பிகளையும் பின்னது என்.கே.ஜி.2ஏ ஏற்பியையும் மறைக்கின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் மோனலிசுமாப் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை எதிர்பார்த்த பயன் தராமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது. ஒரு தடையை நீக்கினால் மட்டும் போதாது, தூண்டலும் இருக்க வேண்டும் என்னும் தராசு விதி இங்கும் நினைவில் கொள்ளத்தக்கது.

பொதுக் கொடைச் செல்கள்: எவருக்கும் பொருந்தும் செல்களை ஆய்வகத்தில் உருவாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணுவை நீக்கினால் பெறுபவரின் கொல்லும் டி செல்கள் அச்செல்லை அடையாளம் காண்பதில்லை; ஆனால் என்.கே. செல்கள் தாக்கும். இதைத் தவிர்க்க எச்.எல்.ஏ.-இ மூலக்கூறை மட்டும் தனியே சேர்த்துக் குருத்தணுக்கள் வடிவமைக்கப்பட்டு, 2017-இல் அதன் முடிவுகள் வெளியாயின. எல்லா என்.கே. செல்களிலும் என்.கே.ஜி.2ஏ இல்லாததால் இந்த ஒரு மூலக்கூறின் காப்பு முழுமையானது அன்று. சி.டி.47 என்னும் வேறொரு புரதத்தை மிகுதியாக்கும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது. இம்முயற்சிகள் வெற்றி பெற்றால், பொருந்தும் கொடையாளிக்காகக் காத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆயத்த நிலையில் உள்ள செல்களைக் கொண்டே சிகிச்சை அளிக்க இயலும்.